கோச் வீட்டு வாசலில் ஒரு பலகை

ஐஸ்க்ரீம் அள்ளுகிற கரண்டியால் புல்தரையைத் தோண்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதுவும் நவம்பர் மாதத்தில், நெப்ராஸ்கா குளிரில், மண் இறுகிக் கிடக்கும்போது கேட்கவே வேண்டாம்.

ஆனால் ஹேடி லிண்ட் ஒன்று நினைத்துவிட்டால் விடமாட்டாள். பத்து வயதுதான், பிடிவாதம் மட்டும் வண்டி வண்டியாக உண்டு. மூச்சிரைக்க இரண்டு குழி தோண்டினாள். இழுவண்டியில் கொண்டுவந்த இரும்புப் பலகையின் கால்களை அவற்றில் இறக்கினாள். எட்டி நின்று அழகு பார்த்தாள்.

‘இந்த வீடு விற்பனைக்கு’ என்றது பலகை. அதன் மூலையில் ஹேடியின் அம்மா டானா, படத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அம்மாவின் போன் நம்பர்.

வீடு விற்றுத் தருவது அம்மாவின் தொழில். கார் ஷெட்டில் இப்படிப்பட்ட பலகைகள் அடுக்கியிருக்கும். ஆனால் இது கோச் வெண்டல் புரூயிட்டின் வீடு. அதை யாரும் விற்கவில்லை.

பிறகு எதற்கு இந்த வேலை?

முந்தின நாள், சனிக்கிழமை, அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஹார்லோ கல்லூரியின் கொக்கு அணி, பரம எதிரியான கார்வர் கல்லூரியிடம் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தது. அதில் வந்தது, பந்தை முன்னேற்றக் கொடுக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி. தொட வேண்டிய கோட்டுக்கு இன்னும் ஒரே ஒரு கஜம். ஊரே இருக்கையை விட்டு எழுந்து ஒற்றைக்காலில் நின்றது. கொக்கு அணி ஆயிற்றே, அப்படித்தான் நிற்பார்கள். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் சுளையாக மூன்று புள்ளி. கோச் உதைக்கச் சொல்லவில்லை. பந்தை ஏந்திக்கொண்டு முட்டி மோதி ஓடச் சொன்னார். ஓடினார்கள். கார்வர் பையன்கள் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள்.

ஞாயிறு காலை பான்கேக் கடையில் வேறு பேச்சே இல்லை.

“உதைச்சிருக்கணும்யா!” என்று ஒருவர் மேசையைத் தட்டினார்.

“அவர் வாசல்ல இன்னுமா பலகை வைக்கல?” என்றார் இன்னொருவர். கடையே சிரித்தது.

தோற்ற கோச் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நடுவது ஹார்லோவில் பழைய குறும்பு. மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். வழக்கமாகக் கல்லூரிப் பையன்கள் ஏதாவது அட்டையில் கிறுக்கி நட்டுவிட்டுப் போவார்கள். நிஜப் பலகையையே நட்டால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்று ஹேடி நினைத்துப் பார்த்தாள். புரூயிட் குடும்பம் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் காரியத்தை முடித்தாள். அந்த நேரம் பார்த்து ஏதோ கார் சத்தம். கரண்டியை வேலிச் செடிக்குப் பின்னால் வீசிவிட்டு, இழுவண்டியோடு ஓட்டம் பிடித்தாள்.

ஊர் சிரிக்கவில்லை. நம்பிவிட்டது.

மதியத்துக்குள் பலகையின் படம் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மாவின் போன் ஓயாமல் அடித்தது.

“இல்லைங்க, அந்த வீடு விலைக்கு வரல. யாரோ என் பலகையைத் திருடி அங்க நட்டிருக்காங்க” என்று அம்மா தொண்டை வறளச் சொன்னார்.

“புரியுது டானா, புரியுது. தொழில் ரகசியம். நாங்க மூச்சு விட மாட்டோம்” என்றார்கள் எல்லாரும். போனை வைத்த கையோடு நாலு பேருக்குச் சொன்னார்கள்.

சாயங்காலம் கோச்சே ரேடியோவில் பேசினார். “நான் எங்கயும் போகல” என்றார்.

அவ்வளவுதான், அவர் போவது நிச்சயம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. முன்பிருந்த கோச்சும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அந்த வாரமே டெக்சாஸில் வேறொரு கல்லூரியின் தொப்பியை மாட்டிக்கொண்டு டிவியில் சிரித்தார்.

“எந்தத் தறுதலை செஞ்ச வேலையோ! என் கையில கெடைக்கட்டும்” என்று அம்மா பல்லைக் கடித்தார். “நாளைக்கு என்னை நம்பி யார் வீடு குடுப்பாங்க? ஏன்டி, ஷெட் பக்கம் யாரையாவது பார்த்தியா?”

“இல்லம்மா” என்றாள் தறுதலை. சூப் கிண்ணத்திலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

“ஐஸ்க்ரீம் கரண்டியையும் காணோம். அதையுமா திருடுவாங்க?”

அன்றைக்கு ஹேடி தனக்கு ஐஸ்க்ரீம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இடம் டேவியாவுடையது. டேவியா, கோச் புரூயிட்டின் மகள்.

இருவரும் சேர்ந்து கண்காட்சிக்காக ஐஸ் குச்சிகளில் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கரையிலிருந்து கிளம்பி நட்டாற்றில் நின்றது பாலம். டேவியா பசை டப்பாவை மூடி ஹேடி பக்கம் நகர்த்தினாள்.

“இனிமே நீ வேற யாரையாவது சேர்த்துக்க.”

“ஏன்?”

“உங்கம்மா பலகையைப் பார்க்கலையா? எங்க வீட்டை விக்கிறாங்க. அப்பா இல்லைன்னுதான் சொல்றார். போன ஊர்லயும் இல்லைன்னுதான் சொன்னார். அதுக்கு முந்தின ஊர்லயும்.”

டேவியா அழவில்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

“இது எனக்கு அஞ்சாவது ஸ்கூல். எல்லாத்தையும் பாதியிலயே விட்டுட்டுத்தான் போயிருக்கேன். அலபாமால எரிமலை பாதி. ஒஹாயோல நாடகம் பாதி. அதுல எனக்கு மரம் வேஷம். மரம் இல்லாமலே நடத்திட்டாங்களாம்.”

வேறு நாளாக இருந்தால் ஹேடி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்கு அவள் காது மடல் சுட்டது.

பலகை நடும்போது அது கோச் வீடு என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. டேவியாவின் வீடும் அதுதான் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. போன வாரம் அதே வாசலில்தானே இருவரும் உட்கார்ந்து சோளப்பொரி தின்றார்கள்! சீ, நானெல்லாம் ஒரு சிநேகிதியா என்று நினைத்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

“ஜெரிக்கோவும் போறாராம்” என்றாள் டேவியா. அணியில் பந்து வீசுகிறவன் ஜெரிக்கோ டால்பர்ட். அவன் இல்லாவிட்டால் கொக்கு அணிக்குச் சிறகே இல்லை. “அவர் எங்கப்பாவுக்காகத்தான் இந்தக் காலேஜுக்கு வந்தார். அப்பா போனா அவரும் அணி மாறப் பேர் குடுத்துடுவாராம். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து கேக்கப் போறாங்க.”

“உங்கப்பா சொன்னா நம்ப மாட்டாங்களா?”

“நானே நம்பலையே” என்றாள் டேவியா.

கோச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அம்மா சொன்னாலும் நம்பவில்லை. ஹார்லோவில் இதைச் சொல்லி நம்ப வைக்கக்கூடியவள் ஒரே ஒருத்திதான். அவளுக்கோ வெட்கத்தில் வாய் ஒட்டிக்கொண்டது.

பள்ளி விட்டதும் ஹேடி செர்ரி தெருவுக்குப் போனாள். கோச் வீட்டைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் தாண்டினாள். அவள் தெருவை அளப்பதைப் பார்த்து எதிர்வீட்டு நாய்கூட அலுத்துப்போய்க் குரைப்பதை நிறுத்திவிட்டது. பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள். புல்தரையில் இரண்டு குழி மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கால் வாசலுக்குத் திரும்பியது.

கதவு திறந்தே கிடந்தது. கூடம் முழுக்க மலை மலையாக ஆட்டக்காரர்கள். சோபா கொள்ளாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டேவியா மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

“நான் போகலடா! இன்னும் எத்தனை தடவை சொல்றது?” என்றார் கோச். அவர் குரல் கம்மியிருந்தது.

“அப்புறம் பலகை எப்படி கோச் வந்துச்சு?” என்றான் ஜெரிக்கோ. “பசங்க வைக்கிற அட்டைன்னா விட்டுடலாம். இது நிஜப் பலகை. போட்டோல்லாம் போட்டிருக்கு.”

“அது எங்கம்மா போட்டோ” என்றது வாசலில் ஒரு சின்னக் குரல்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

“பலகையை நட்டது நான்தான். எங்கம்மாவுக்குத் தெரியாது. எல்லாரும் சிரிப்பாங்கன்னு நினைச்சேன்.” ஹேடி தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மாடிப்படிப் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ஜெரிக்கோ நம்பவில்லை. “பாப்பா, உனக்கு யார் இப்படிச் சொல்லிக் குடுத்து அனுப்பினது?”

“யாரும் இல்ல! ஐஸ்க்ரீம் கரண்டியாலதான் தோண்டினேன். வேலிச் செடிக்குப் பின்னாடி கிடக்கும். சிவப்புக் கைப்பிடி. வேணும்னா போய்ப் பாருங்க.”

இருப்பவர்களிலேயே பெரிய உருவம் ஒன்று எழுந்து வெளியே போனது. கிளைகள் முறிகிற சத்தம் கேட்டது. “ஐயோ, என் ரோஜா!” என்று கோச்சின் மனைவி சமையலறையிலிருந்து கத்தினார். அந்த ஆள் கரண்டியோடு திரும்பி வந்தான். சிவப்புக் கைப்பிடி. குழிந்த பக்கத்தில் மண் அப்பியிருந்தது.

கரண்டி கைமாறிக் கைமாறிக் கூடத்தைச் சுற்றி வந்தது.

கோச் முட்டி போட்டு ஹேடியின் உயரத்துக்கு வந்தார். “உண்மையைச் சொல்லும்மா. சனிக்கிழமை நான் உதைக்கச் சொல்லியிருக்கணுமா?”

ஹேடி கரண்டியைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“ஆமா கோச். உதைச்சிருக்கணும்.”

கூடமே வெடித்துச் சிரித்தது. ஜெரிக்கோ தரையில் புரண்டான். கோச்சும் சிரித்துவிட்டார்.

“கேட்டீங்கல்ல? இவளுக்குப் பொய் சொல்ல வராது” என்றார். பிறகு மாடிப்படியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “காலேஜ்ல என்னைத் துரத்தினா, அது என் கையில இல்ல. நானா போக மாட்டேன்மா.”

டேவியா சிரிக்கவில்லை. ஹேடியை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று அறைந்திருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து ஹேடி அம்மாவிடமும் சொன்னாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். திட்டி முடித்ததும் அம்மா போனை அவள் கையில் திணித்தார்.

“இந்தா, அடிக்குது பார். இந்த விஷயமா யார் கூப்பிட்டாலும் இனிமே நீதான் பதில் சொல்லணும்.”

பான்கேக் கடைக்காரர் கூப்பிட்டார். பல் டாக்டர் கூப்பிட்டார். ஹேடி ஒவ்வொருவரிடமும் தான் செய்ததைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் முகம் புதிதாகச் சிவந்தது. பாதிரியார்கூடக் கூப்பிட்டார். “நான் பிரசங்கம் பண்ணிட்டிருந்த நேரத்துலயா?” என்று கேட்டார். “ஆமாங்க ஃபாதர்” என்று சொல்வதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் பள்ளியில் டேவியா அவளோடு பேசவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். ஹேடியும் பாலத்தைத் தொடவில்லை.

“வேற யாரையாவது சேர்த்து முடியேன், ஹேடி. கண்காட்சி வந்துடுச்சே” என்றார் டீச்சர்.

“வேண்டாம் டீச்சர். இது ரெண்டு பேர் பாலம்” என்றாள் ஹேடி. டேவியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் அடித்தது.

“ஹலோ” என்றது ஒரு கட்டைக்குரல். யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. “செர்ரி தெருவுல ஒரு வீடு விலைக்கு வருதாமே?”

“இல்லைங்க” என்றாள் ஹேடி. “அது விக்கிற வீடு இல்ல. அங்க ஆளுங்க இருக்காங்க. என் ஃப்ரெண்ட் இருக்கா. பலகையை நட்டது நான்தான். அவளை நினைச்சே பார்க்காம நட்டுட்டேன். தப்புதான். மன்னிச்சிடுங்க.”

ஹேடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஹலோ? இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றது குரல். இப்போது மூக்கைப் பிடிக்கவில்லை. “நாளைக்கு வரும்போது பசை வாங்கிட்டு வா. நம்ம டப்பா காய்ஞ்சு போச்சு.”