சந்திரம்மா வீட்டு வாசற்கால்

திருப்பதியில் கோவிந்தராஜ சாமி கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே இரண்டு லாட்ஜ்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த ஓட்டு வீட்டுக்குக் கோவர்த்தனன் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் சுவரில் ஏறவில்லை. இடது பக்கத்து லாட்ஜை இடித்தாகிவிட்டது. வலது பக்கத்தது பாதி நின்றது. அதன் மூன்றாம் மாடிக் குளியலறையின் பச்சை டைல்ஸ், தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிந்தது. வருஷா வருஷம் சாமி பார்க்க வருகிறவர்கள், போன தடவை தங்கிய இடம் எது என்று தெரியாமல் பையும் கையுமாக அண்ணாந்து நின்றார்கள். ஊரின் நடுப்பகுதி அப்படி மாறிக்கொண்டிருந்தது.

கோவர்த்தனன் இடிப்பு வேலைக்கு சூப்பர்வைசர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேட்டுக்காரன், தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவான். காலி செய்ய மறுக்கிறவர்களிடம் பேச அவனைத்தான் அனுப்புவார்கள். பேச்சு அப்படி இருக்கும், கேட்டவர்கள் தாமாகவே மூட்டை கட்டுவார்கள்.

சந்திரம்மா மறுக்கவில்லை. வீட்டைப் புதிதாக வரப்போகிற ஹோட்டல்காரர்களுக்கு விற்று, சாமான்களையும் அனுப்பிவிட்டிருந்தாள். காலி வீட்டில் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல முற்றிய தேக்கு. மேல் சட்டத்தில் வரிசையாகப் பித்தளைப் பூக்கள், நடுப்பூ மட்டும் விழுந்துவிட்டிருந்தது.

"வூடு போனா போவட்டும் பாபு. வாசக்காலு மட்டும் என்னோடது. ஹோட்டல்காரங்க எடுத்துக்கோன்னுட்டாங்க. சுக்ரவாரம் வண்டி எடுத்துனு வரேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

"சரிக்கா."

"மரத்துக்காக சொல்லல. அவரு இங்கதான கீறாரு. மஞ்ச பூசி, கூப்ட்டு இட்னு போவணும்."

அவர் என்றால் போன கோடையில் செத்துப்போன அவள் புருஷன். பெயரை அவள் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். கோவர்த்தனனும் கேட்டுக்கொள்ளவில்லை.

"லாட்ஜில ரூம் கழுவறவரு. சாவற வரைக்கும் ஒடம்புல பினாயில் வாசன போவல. கதவ தட்டித் தட்டிப் பழகிப்போயி, சொந்த வூட்டுக்கே கனைச்சிட்டு வெளிய நின்னுனு இருப்பாரு. நான் ரண்டி, உள்ள வாங்கன்னாதான் வருவாரு." சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள்.

வீட்டை இடித்தாலும் வாசற்காலை உடைக்க மாட்டார்கள். வீட்டில் செத்தவர்கள் அதில்தான் நிற்பார்கள் என்று நம்பிக்கை. மஞ்சள் பூசிப் பூ வைத்து, வீட்டுப் பெண்பிள்ளை வாய்விட்டுக் கூப்பிட்ட பிறகே அதைப் பெயர்க்க வேண்டும். சத்தியவேட்டுப் பக்கமும் இதே வழக்கம்தான். ஆகையால், அவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் கோவர்த்தனனுக்காகப் பரிந்து பேச முடியாது.

அன்று மத்தியானமே மாமனார் தங்கவேலு போன் செய்தார். சத்தியவேட்டில் அவர் கொடுத்த மனையில்தான் கோவர்த்தனன் வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, வாசக்காலு வைக்க வியாழக்கெழம முகூர்த்தம். மரம் ரெடியா? இல்ல, அதையும் நானே வாங்கட்டா?"

அந்த 'அதையும்' அவனைச் சுட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவர் பேச்சில் ஏதாவது ஒரு சொல் அப்படி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"நல்ல பழைய தேக்கா சொல்லி வச்சிட்டேன் மாமா. சென்னையிலேர்ந்து வருது."

புதன்கிழமை சந்திரம்மாவின் வாசற்காலைக் கடப்பாறை போட்டுப் பெயர்த்தார்கள். மஞ்சள் இல்லை, பூ இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. மினி லாரி ஓட்டிய சீனு மட்டும், "கேட்டுட்டுதான எடுக்கறோம்ண்ணா?" என்று கேட்டான்.

"எல்லாம் கேட்டாச்சி, ஓட்றா."

வியாழக்கிழமை காலை புது வீட்டின் அடித்தள மேடை மேல் வாசற்காலைத் தூக்கி நிறுத்தினார்கள். சொந்தக்காரர்கள் தேக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். தங்கவேலு எல்லோரிடமும், "மாப்ள சென்னையிலேர்ந்து கொண்டாந்தது" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் பெருமை இருந்தது. கோவர்த்தனன் அதைக் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டான்.

அவன் மனைவி யசோதா மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். பிறகு வழக்கப்படி, குடும்பத்துப் பெரியவர்களை நினைத்துக் கைகூப்பிச் சொன்னாள்.

"இந்த வாசலுக்கு உண்டான பெரியவங்க உள்ள வாங்க."

வெளியே யாரோ கனைத்தார்கள்.

எல்லோரும் திரும்பினார்கள். கடலைக் காடும் வரப்பும்தான் இருந்தன. "பெரியவங்க வந்துட்டாங்கடி" என்று ஒரு கிழவி சொல்ல, கூட்டம் சிரித்தது. யசோதாவும் சிரித்தாள்.

கோவர்த்தனனுக்கு மட்டும் மூக்கில் பினாயில் வாசனை ஏறியது.

மறுநாள் சந்திரம்மா போன் செய்தாள். "பாபு, வண்டியோட வந்து நிக்கறேன். வாசக்காலு காணமே."

"யாரோ திருடனுங்க தூக்கினு போயிட்டாங்கக்கா. வாட்ச்மேன் தூங்கிட்டான்." பாவம், அந்த வாட்ச்மேன் தூங்குகிறவனே இல்லை.

அவளுக்குப் பின்னால் ஜேசிபி உறுமுவது மட்டும் கேட்டது.

"அவரு எங்க கீறாருன்னு நான் யார போயி கேப்பேன் பாபு?"

அவன் போனை வைத்துவிட்டான். வெட்கம்தான். பயம் அப்போது இன்னும் வரவில்லை.

பயம் ஒரு உச்சிவேளையில் வந்தது. சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தன. ஆட்கள் சோறு தின்னப் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். வெயில் வெள்ளையாகக் கொளுத்தியது. காக்கைகூட இல்லை. மேடை மேல் வாசற்கால் மட்டும் தனியாக நின்றது.

சட்டத்துக்குள் இருட்டாக இருந்தது.

கோவர்த்தனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சட்டத்துக்கு இந்தப் பக்கம் வெயில். அந்தப் பக்கமும் வெயில். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெறும் மரமும் அதற்கப்பால் கடலைக் காடும்தான். நேரே வந்து நின்றால் இருட்டு. ஈரச் சுண்ணாம்பு நாற்றம் அடிக்கிற, பழைய ஓட்டு வீட்டின் இருட்டு.

அதற்குள் ஒருவர் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துணி தரையில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து வாசல் பக்கம் வந்தார். குதிகால்களில் வெடிப்பு தெரிந்தது. இன்னும் ஒரு தடவை துடைத்தால் வெளியே வந்துவிடுவார்.

கோவர்த்தனன் ஓடினான். ஆட்கள் கேட்டதற்குப் பாம்பு என்றான்.

அப்போதே வாசற்காலைப் பெயர்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஏன் என்று மாமனார் கேட்பார். திருடியது என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு அவன் பேயைவிட அதிகம் பயந்தான். சுவர்கள் எழுந்தன, தளம் போட்டார்கள், கதவு மாட்டினார்கள். புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகையும் அடித்தார்கள்.

விழாவன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது கேட்டருகே ஒரு பெண் வந்து நின்றாள். மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசற்காலின் மேல் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்திரம்மா.

லாரி ஓட்டிய சீனு சொல்லியிருப்பான்.

"வாம்மா, குந்து. துன்ட்டு போலாம்" என்றாள் யசோதா.

"துன்ன வரலம்மா. திருப்பதிலேர்ந்து வரேன். அவருக்குத் தெரியும்." அவள் கோவர்த்தனனைக் காட்டினாள்.

தங்கவேலு கையில் சாம்பார் வாளியோடு திரும்பினார். "யாரு மாப்ள?"

இலையில் கை வைத்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் கேட்டருகே போனான். அவளிடம் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தணிந்த குரலில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மரத்த நீயே வச்சிக்கோ பாபு. குடும்பத்தோட நல்லா இரு. அவர மட்டும் அனுப்பிடு. இங்க யாரோ உள்ள வாங்கன்னு கூப்ட்டிருக்காங்க, அதான் வந்துட்டாரு. எடுத்தவங்க வாயால சொல்லணும். எடுத்தது நான்தான், நீங்க போங்கன்னு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா போதும், என் கூட வந்துடுவாரு."

சின்ன வாக்கியம். பேசியே எத்தனை வீடுகளைக் காலி செய்யவைத்தவன். தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது தங்கவேலு பக்கத்தில் வந்து நின்று அவன் தோளில் கை வைத்தார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கை வைத்ததே இல்லை.

"இன்னா மாப்ள, யாரு இந்தம்மா?"

"தெர்ல மாமா. வூடு மாறி வந்துட்டாங்க போலகீது."

சந்திரம்மா அவனைப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அத்தனை பேர் எதிரிலும் மெல்லக் கூப்பிட்டாள்.

"ஏமண்டி. ரண்டி, போதாம்."

என்னங்க, வாங்க, போகலாம் என்று. பந்தியில் பேச்சு நின்றது.

உள்ளேயிருந்து துணி உரசும் சத்தம் வந்தது.

வாசல் வரைக்கும் வந்து நின்றது.

அவ்வளவுதான். யாரும் வெளியே வரவில்லை.

அவள் காத்திருந்தாள். யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். கட்டின புருஷனைக் கூப்பிட்டு, ஊர் பார்க்க அவர் வராமல் போனால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவமானப்பட வேண்டியவன் தோளில் மாமனார் கையோடு நின்றான். அவமானத்தை அவள் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

"பாவம், புத்தி சரியில்ல" என்றார் தங்கவேலு.

விருந்தாளிகள் போன பிறகு கோவர்த்தனன் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, "எடுத்தது நான்தான், நீங்க போங்க" என்றான். சத்தமாகவும் சொன்னான், அழுதுகொண்டும் சொன்னான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் சொல்வது அவனுக்குச் சுலபமாகவே இருந்தது. இட்டுக்கொண்டு போக வந்தவள்தான் இல்லை.

மறு வாரம் அவளைத் தேடித் திருப்பதிக்குப் போனான். சந்து அகலமாகியிருந்தது. சந்திரம்மா வீடு இருந்த இடத்தைச் சுற்றி நீலத் தகரம் அடித்து, உள்ளே பெரிய பள்ளம் தோண்டியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் புதியவர்கள். ஒருவன் மட்டும், அவள் பக்கத்து ஊரான ஏர்பேட்டுக்குப் போய்விட்டாள் என்றான். ஏர்பேட்டில் தெருத்தெருவாக விசாரித்தான். "புருஷன் பேரு இன்னா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. அவள் போன் அணைந்து கிடந்தது. அந்தச் சந்தில் இருந்தவர்களை எல்லாம் நாலா பக்கமும் அனுப்பியதே அவன்தான். அவர்கள் போன இடத்தை அவன் யாரிடம் கேட்பது?

வீட்டில் வேறு விதமாக ஆகிக்கொண்டிருந்தது. விடிந்தால் தரை கழுவிவிட்ட மாதிரி பளபளத்தது. "நான் பினாயிலே வாங்கறதில்ல. நீங்களா கழுவறீங்க?" என்று யசோதா கேட்டாள். அவன் ஆமாம் என்றான். இன்னொரு பொய். அவள் சந்தோஷப்பட்டுத் தன் நைனா தங்கவேலுவிடமும் சொன்னாள்.

ஒருநாள் வேலை முடிந்து பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தான். யசோதா தெருமுனையில் பால் வாங்கப் போயிருந்தாள். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தான்.

"எவரண்டி?"

உள்ளேயிருந்துதான் கேட்டது. யாரது என்று. மரியாதையான, வயதான குரல்.

கோவர்த்தனன் வாயைத் திறந்தான். தன் பெயரைச் சொன்னால் போதும். இது என் வீடு என்று சொன்னால் போதும். சொல்ல வெட்கமாக இருந்தது.

படியிலிருந்து காலை எடுத்து, கீழே மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.

பால் பாக்கெட்டோடு வந்த யசோதா திகைத்து நின்றாள். "இன்னாங்க, வெளிய குந்தினு கீறீங்க?"

"உள்ள ஆளு கீறாங்க."

"யாரு?"

அவன் தலை நிமிரவில்லை. "வூட்டுக்கு சொந்தக்காரரு."

"வெயில்ல சுத்தி சுத்தி உங்களுக்கு இன்னாவோ ஆயிப்போச்சி." அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். விளக்கு எரிந்தது. சமையல்கட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் யாருக்கோ தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். யசோதாவுக்குத் தெலுங்கில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வாசலுக்கு வந்தாள். முகத்தில் பயம் இல்லை. வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

"பரவால்லியாம். அவரு உங்கள உள்ள வரச் சொல்றாரு."