குஞ்சு மேய்த்த விரால்

சுவர் முளைகளின் மேல் படுக்க வைத்திருந்த தூண்டில் கழியின் நுனி ஒரு தடவை தலையாட்டியது.

காற்று இல்லை. ஆடி மாதத்து மூடுபனி வாசல் வரைக்கும் வந்து நின்றுகொண்டு பட்டப்பகலை அந்தியாக்கி வைத்திருந்தது; எதிரே மிளகுக் கொடியில் ஓர் இலைகூட அசையவில்லை. சென்றாயன் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த நுனியையே பார்த்தான். எலி ஓடியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வச்சிரப் பசையின் நாற்றமும் வார்னிஷ் வாடையும் வீடு முழுக்க அடைத்துக் கிடந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, பாசியும் சேறும் கலந்தது, விடிந்ததிலிருந்தே இருந்தது. அதை மட்டும் அவன் மூக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றது.

நுனி மறுபடி அசைந்தது. இந்த முறை இரண்டு தடவை, மெதுவாக. மீன் இரையை வாயில் வைத்துப் பார்க்கும்போது ஆடுமே, அந்த ஆட்டம். நுனியில் தொங்கிய தூண்டில் நரம்போ ஒரு சாண் நீளம்தான். மீதியை நேற்றுக் காலை அவனே கத்தியால் அறுத்துவிட்டான்.

திண்ணனூர் நாட்டில் தூண்டில் கழி என்றால் சென்றாயன்தான். ஒரு மூங்கிலை வெட்டி நரம்பைக் கட்டித் தூண்டில் என்று சொல்லித் திரிகிறவர்களைக் கண்டால் அவனுக்குச் சிரிப்பு வரும். அது கோழி விரட்டுகிற குச்சி. அவன் கல்மூங்கிலை ஆறு கீற்றாகப் பிளந்து சீவி, தணலில் வாட்டி நிமிர்த்தி, பசையில் ஒட்டி, பட்டு நூலால் இறுக்கிச் சுற்றி, குடைக்கம்பியை வளைத்து நரம்பு ஓட வளையம் வைப்பான். பிடிக்கப் போகிறவரின் கைவீச்சை அளந்துதான் நீளத்தை முடிவு செய்வான். சேலத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வருகிற பெரிய மனிதர்கள் அவன் வீட்டைத் தேடி வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அவனுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. ஒரு மீனின் பாரத்தைத் தாங்கிக் காட்டாத கழி வாங்குகிறவர் கைக்குப் போகாது.

அம்சவேணிக்கு இது எட்டாம் மாதம். முந்தின இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த பிறகு ஒரு மாதம் அவள் யாரோடும் பேசவில்லை. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. சென்றாயன் தாடி வளர்த்தான். கோழி அறுக்கவில்லை, தேங்காய்கூட உடைக்கவில்லை, காலில் ஏறிய அட்டையைச் சுண்ணாம்பு வைக்காமல் பிய்த்துப் புதரில் விட்டான்.

"இது ஒண்ணுல மட்டும் சொன்னபடி இருந்தீங்கன்னாப் போதுமுங்க மாமா. இந்தப் புள்ளை தங்கிரும்," என்றாள் அம்சவேணி. அவன் அவள் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

ஆனால் சேலத்து இன்ஜினியர் ஒருவர் செய்யச் சொல்லியிருந்த கழியை வாங்க ஞாயிற்றுக்கிழமை வருகிறாரே! பிடித்துவிட்டு உயிரோடு விட்டுவிட்டால் அது கொலையா என்று யோசித்தான். உயிர்த் தவளையை முள்ளில் கோத்தால்தானே பாவம் என்று, கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு தவளையைச் செதுக்கிக் கோழி இறகால் கால் வைத்தான். தனக்குத் தானே சட்டம் எழுத உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்கு ஓட்டைக்கா பஞ்சம்?

நேற்றுக் காலை, தினைக்காட்டுக்குக் கீழே இருக்கிற மடுவில் அந்தக் கட்டைத் தவளை தண்ணீர் மேல் தத்தித் தத்தி வருவதைப் பார்க்கப் பார்க்க, ஐந்து மாதத்துப் பசி அவன் கைகளில் ஏறியது. உலகத்தில் வேறெதுவும் அவனுக்கு அவ்வளவு இன்பமில்லை. அப்போதுதான் அல்லிக் கொடியோரம் நீர் சிவந்து கொதிப்பதைக் கண்டான். விரால் குஞ்சுகள். ஆயிரம் இருக்கும். ஒன்றாய் மேலே வந்து மூச்சு வாங்கின, ஒன்றாய் இறங்கின. அடியில் தாய் நிற்கும். குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து அடிக்கும். குஞ்சு மேய்க்கிற விராலை மலையில் எவனும் தொடமாட்டான். அது சென்றாயனுக்கும் தெரியும். நிச்சயமாக அடிக்கும் மீன் அது ஒன்றுதான் என்பதும் தெரியும். வீசினான்.

கழி வில்லாக வளைந்தது. ஒரு கீற்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. பெருமை தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தான். கரைக்கு இழுத்த பிறகுதான், முள் தொண்டைக்குள் ஆழமாக இறங்கியிருந்தது தெரிந்தது. பிடுங்கினால் மீன் செத்துப்போகும். அவன்தான் கொல்லக் கூடாதே. நரம்பை அறுத்து மீனைத் தண்ணீரில் விட்டான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி இருட்டுக்குள் இறங்கியது, குஞ்சுகள் பின்னாலேயே போயின. நான் கொல்லவில்லை, கொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

உள்ளே அம்சவேணி இருமினாள். கழியின் நுனி சட்டென்று குனிந்து நிமிர்ந்தது.

"ஏனுங்க மாமா, தொண்டையில என்னமோ குத்துதுங்க. நேத்துல இருந்து சோறே எறங்கல."

இந்த வீட்டில் மீன் சமைத்தே ஐந்து மாதமாகிறது. அவள் எச்சிலை விழுங்கினாள், நுனி குனிந்தது. மறுபடி விழுங்கினாள். மறுபடி குனிந்தது.

ஓடிப்போய் மருத்துவச்சி பாப்பாயியை அழைத்து வந்தான். அவள் வருவதற்குள் அம்சவேணி குடத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்திருந்தாள். இன்னொரு குடம் கேட்டாள்; அகலச் சட்டியில் ஊற்றிக் கொடுத்தான். குடிக்கவில்லை, முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. தண்ணீருக்குள் அவள் மூச்சு விடும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

"வாயத் தொற கண்ணு," என்று விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்த பாப்பாயி, விளக்கைக் கீழே வைத்தாள். பிறகு சென்றாயன் பக்கம் திரும்பினாள்.

"மடுப்பக்கம் போனியா சாமி?"

சென்றாயன் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டினான்.

"எங்கிட்ட மறைக்காத. செஞ்சதைச் சொல்லிப்போடு. நேரத்தோட தெரிஞ்சா ஏதாச்சும் பண்ணிப் பாக்கலாம்."

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அம்சவேணி ஈர முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

"இல்லீங்கக்கா. அந்தப் பக்கமே போகலீங்க."

அம்சவேணி சிரித்தாள். நம்பிவிட்டாள். பாவி, அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் அவன் வாய் திறக்கவில்லை.

"புள்ளை கீழ எறங்கிருச்சு. பச்சிலை எடுத்துக்கிட்டு வாரேன்," என்று பாப்பாயி பனிக்குள் போனாள். அவள் காலடிச் சத்தம் சீக்கிரமே கேட்காமல் போயிற்று.

வாசற்படியில் உட்கார்ந்தான். சேற்று வாடை நெஞ்சை அடைத்தது. பின்னால் மூங்கில் முனகியது. திரும்பாமலே தெரிந்தது, கழி வளைகிறது. முழுதாக வளைகிறது. பெரிய மீன் ஆழத்துக்கு இழுக்கும் இழுப்பு. ஒரு கீற்று பிளந்தது. இரண்டு. மூன்று. பட்டு நூல் தெறித்தது. பிறகு ஒரே முறிவு.

அதன் பிறகு சத்தமே இல்லை.

"அம்சு?"

பாய் நனைந்து கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. ஈரத் தடம் ஒன்று தினைக்காட்டு வழியே இறங்கிப் போயிற்று. காலடித் தடமில்லை. எதையோ இழுத்துக்கொண்டு போனதுபோல, ஒரே தடம்.

ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான்.

மடுவின் நடுவே மார்பளவுத் தண்ணீரில் அம்சவேணி நின்றாள். கூந்தல் அவிழ்ந்து நீரில் பரவியிருந்தது. தெளிந்த நீருக்கடியில் ஈரச் சேலை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. வயிறு தட்டையாக இருந்தது.

"புள்ளை எங்கடி? அம்சு, நம்ம புள்ளை எங்க?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தாள். அவளைச் சுற்றி நீர் சிவந்து கொதித்தது. இரண்டு கைகளாலும் அந்தச் சிவப்பை அணைத்துக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் அவன் கண்டதே இல்லை.

அப்போது குழந்தை அழுதது.

சிவப்புக்குள்ளிருந்துதான். குஞ்சுகள் ஒன்றாய் இறங்கின, அழுகை நின்றது. ஒன்றாய் மேலே வந்தன, அழுகை கேட்டது. பச்சைக் குழந்தையின் அழுகை. மெலிசாக. மூச்சு வாங்கும் நேரம் மட்டும்.

சென்றாயன் தண்ணீரில் இறங்கினான். முழங்கால். இடுப்பு. சிவப்பின் ஓரத்துக்கு வந்து குனிந்தான். ஆயிரம். எல்லாம் ஒன்றுபோல. இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அள்ளினான். விரலிடுக்கில் வழுக்கி ஓடின. மறுபடி அள்ளினான்.

அம்சவேணி இப்போது அவனைப் பார்த்தாள். இமைக்கவில்லை. அவள் முகம் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. கூந்தலும் இறங்கியது. நீர்மேல் ஒரு கோடு மட்டும் கிளம்பி, நேராக, வேகமாக அவனை நோக்கி வந்தது.

அவன் கைகளை வெளியே எடுக்கவில்லை. எந்தக் குஞ்சு அழுகிறது என்று இன்னும் தெரியவில்லை.