மழை படக்கூடாத கை

மைதிலியின் குடைக்கம்பியிலிருந்து நழுவிய ஒரே ஒரு மழைத்துளி, பக்கத்தில் நின்றவனின் இடது புறங்கையில் விழுந்தது. அவ்வளவுதான்... கொதிக்கிற எண்ணெய் தெறித்தது போல் அவன் கையை இழுத்துக்கொண்டு சுருண்டான். “அம்மா...” என்று பல்லைக் கடித்தபடி ஒரு முனகல்.

ஹைதராபாத், ஏ.எஸ்.ராவ் நகர் பஸ் ஸ்டாப். மாலை மழைக்கு ஒதுங்கிய கூட்டம். நாளெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நின்றே வேலை பார்த்த கால்கள் மைதிலியைக் கெஞ்சிக்கொண்டிருந்தன. யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை.

“தண்ணிதானே... இதுக்குப் போய்...” என்று தமிழிலேயே முணுமுணுத்தாள்.

“உங்களுக்குத் தண்ணிங்க. எனக்கு நெருப்பு.”

பதிலுக்கு ஏதோ சொல்லத்தான் திரும்பினாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் குடையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். எத்தனை இரவுகள் தூங்காத கண்கள் இவை... கோபம்கூட அவற்றில் களைத்துப் போயிருந்தது.

கையில் காயமில்லை, தழும்பில்லை. துணி உரசக்கூடாதென்று சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தான்.

“நரம்பா?” என்றாள் மெதுவாக.

அவன் நிமிர்ந்தான். “எப்படிங்க தெரியும்? எல்லாரும் நடிக்கிறேன்னுதான் சொல்வாங்க.”

பஸ் வந்துவிட்டது. அவள் குடையை மடக்கி, ஒரு சொட்டும் அவன் பக்கம் போகாமல் தூரமாகப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அவன் பெயர் பூபாலன். ஈரோட்டுக்காரன், சைனிக்புரிப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். இருவருக்கும் மல்காஜ்கிரி போகும் அதே பஸ்தான் என்பதால், அடுத்தடுத்த மாலைகளில் பேச்சு தானாக வளர்ந்தது. போன வருடம் பைக் சறுக்கி விழுந்ததில், கழுத்தில் முதுகுத்தண்டிலிருந்து கைக்குப் பிரியும் நரம்பு இழுபட்டுவிட்டதாம்.

“எலும்பெல்லாம் கூடிருச்சுங்க. எரிச்சல் மட்டும் போகலை. வீக்கத்துக்குத் தின்ன மாத்திரையில வயிறு புண்ணானதுதான் மிச்சம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்கும்போது கண் ஓரங்களில் மெல்லிய கோடுகள் விழுந்தன. மைதிலி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உங்க தமிழ்ல பாதி ஹிந்தியா இருக்குதுங்களே...”

“ஹவ்... ஆமா, நாங்க மூணு தலைமுறையா மல்காஜ்கிரி ரயில்வே குடும்பம். எங்க தமிழ் இப்படித்தான். பிடிக்கலேன்னா நக்கோ, வேணாம் விடுங்க.”

“பிடிக்கலைன்னு யாருங்க சொன்னா?”

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா, “என்னடி தானா சிரிக்கிறே?” என்று கேட்டாள்.

மைதிலி நிறையக் கேள்வி கேட்பாள். துணி பட்டால் எரிகிறதா... ஃபேன் காற்று பட்டால்... அழுத்திப் பிடித்தால்? அவனும் பொறுமையாகச் சொல்வான். ஒரு நாள் அவன் திருப்பிக் கேட்டான், “நீங்க என்ன வேலைங்க பார்க்கறீங்க?”

மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு. “எலிக்கு முதுகுத்தண்டு நரம்பைக் கட்டி வலி வர வைப்போம். அப்புறம் நரம்பைச் சுத்தி இருக்கிற அழற்சியைக் குறைக்க ஒரு மருந்து கொடுத்துட்டு, பாதத்துல மெல்லிசான நைலான் இழையால தொட்டுப் பார்ப்போம். காலை இழுத்துக்கிட்டா வலி இன்னும் இருக்குன்னு அர்த்தம்.”

அவன் முகம் வாடியது.

“அதனாலதான் இத்தனை கேள்விங்களா... நானும் உங்க எலிதானுங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. “அப்படி நினைச்சா நினைச்சுக்கோங்க.”

அடுத்த நிறுத்தத்திலேயே அவன் இறங்கிவிட்டான். அதன்பிறகு அந்த பஸ்ஸில் ஏறவில்லை. அவளும் போனில் கூப்பிடவில்லை. வீம்பு... வேறென்ன?

அந்த மாதக் கடைசியில் ஆய்வுக்கூடத் தலைவர் சுதர்சன் அவளை அழைத்தார். முதல் தொகுதி எலிகளுக்கு வலியைக் குறைத்த மருந்து, இரண்டாம் தொகுதியில் ஒன்றுமே செய்யவில்லை. “இத்தோட நிறுத்திக்கலாம்மா. உன் தப்பு எதுவும் இல்லை.”

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. பூபாலன்.

“சனிக்கிழமை கழுத்து நரம்புகிட்ட ஊசி போடறாங்க. ஸ்டீராய்டு. கூட ஒருத்தர் வந்தாத்தான் போடுவாங்களாம்.”

“உங்க ஸ்கூல்ல யாரும் இல்லையா?”

“இருக்காங்க.”

“அப்புறம்?”

“உங்களைக் கூப்பிடத்தான் தோணுச்சுங்க...”

போனாள். ஊசி போட்ட பிறகு, கழுத்தில் பிளாஸ்திரியோடு அவனை மருத்துவமனைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பலன் தெரியப் பல நாள் ஆகும் என்றார்கள். ஒரு கை தூரம் விட்டு, அவன் இடது பக்கம் அவள் உட்கார்ந்தாள்.

“என் மருந்து தோத்துப்போச்சு” என்றாள். “நாலு வருஷ வேலை.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். “ரொம்பக் களைச்சிருக்கீங்க” என்றான். அதைக் கேட்டதும்தான் அவள் கண் நிறைந்தது.

“அன்னைக்குச் சொல்ல வேண்டியது... இப்பச் சொல்றேன். அந்தக் கேள்வியெல்லாம் ஆராய்ச்சிக்கு இல்ல. எது எது பட்டா உங்களுக்கு வலிக்கும்னு எழுதிவெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எது பட்டா வலிக்காதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்...”

பூபாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எனக்கும் தெரியுங்க. தெரிஞ்சேதான் எலின்னு சொல்லிட்டு ஓடினேன். இந்த வலி முழுசாப் போகாது, நல்லா இருந்தா பாதி குறையும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தூக்கம் வராது, எரிஞ்சு விழுவேன். இப்படி ஒருத்தன் உங்ககிட்ட வந்து, பிடிச்சிருக்குன்னு எப்படிங்க சொல்றது?”

“இப்பச் சொன்னீங்களே, அப்படித்தான்.”

அவள் எழுந்தாள். போய்விடப் போகிறாள் என்று அவன் முகம் வெளிறியது. மைதிலி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள்.

“வலது கைக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லீங்க...”

“அப்ப அதைக் கொடுங்க.”

கொடுத்தான்.