நாலு படமும் ஒரு பல்லும்

“மேடம்... அந்தப் படம் தலைகீழா இருக்கு.”

வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து நின்றவன் முதலில் சொன்னது அதுதான். பெயர் சொல்லவில்லை, எந்தப் பல் என்றும் சொல்லவில்லை. பல் வலிக்கு வந்தவனுக்குச் சுவரில் என்ன வேலை?

பல் கிளினிக்கின் வாசல் மேஜைக்குப் பின்னால் இருந்தவள் நிமிர்ந்தாள். டாக்டரின் தங்கை அவள். டோக்கன் கொடுப்பதிலிருந்து, அண்ணன் வைத்தியம் பார்க்கும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது வரை எல்லாம் அவள் ராஜ்ஜியம். சொத்தைப்பல் போஸ்டர்களைப் பார்த்து வருகிறவர்கள் மிரள்கிறார்களே என்று, கட்டடச் சங்கச் செயலாளரிடம் நாலு புகைப்படங்கள் வாங்கி நேற்றுத்தான் மாட்டியிருந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, ஆணி அடித்து, கட்டை விரலிலும் ஒரு அடி வாங்கி...

“ஒழுங்காத்தான் மாட்டியிருக்கேன். வீடு நேரா நிக்குது பாருங்க.”

“வீடு நேரா நிக்கக் கூடாதுங்க. அது தேங்கின மழைத் தண்ணியில தலைகீழாத் தெரியுற வீடு. கீழ இருக்க வேண்டிய ஷூ மேல தொங்குதே, அதைப் பார்க்கலையா?”

பார்த்தாள். ஆமாம், வானத்துக்கும் மேலே இரண்டு ஷூ நுனிகள்.

“அது ஷூன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் ஷூங்க.”

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். வலியில் ஒன்று சுருங்கியிருந்தது. மற்றொன்று சிரித்துக்கொண்டிருந்தது. வெளியே தூறல்... அவன் இமையில் ஒரு துளி இன்னும் உலராமல் நின்றது. சட்டென்று டோக்கன் புத்தகத்துக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டைப் பராமரிக்கும் மெக்கானிக் அவன். கருவிப் பெட்டியோடு ஒரு கேமராவையும் தூக்கிக்கொண்டு அலைவது அவன் பொழுதுபோக்கு. படங்கள் நாலும் அவன் எடுத்து, செயலாளருக்குக் கொடுத்தவைதான்.

“திருப்பி மாட்டட்டுமா?” என்று கேட்டான்.

“வேண்டாம். எனக்கு இப்படித்தான் பிடிச்சிருக்கு” என்றாள் வீம்பாக.

“அப்ப இருக்கட்டும். தினமும் பார்க்கப் போறது நீங்கதானே.”

வேர் சிகிச்சை செய்ய வேண்டும், நாலு தடவை வர வேண்டும் என்றான் அண்ணன். நாலே தடவைதானா என்று அவளுக்கு ஏனோ தோன்றியது.

அடுத்த முறை சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பே வந்து உட்கார்ந்தான். ஊசி போட்டால் வாய் மரத்துவிடும், அதற்குள் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டுமாம்!

“இதென்ன, ஒரு கால்ல ஆம்பள செருப்பு, ஒரு கால்ல பொம்பள செருப்பு?” இரண்டாவது படத்தைக் காட்டிக் கேட்டாள்.

“ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பார்க்கப் போனப்ப எடுத்தது. பிரசவ வார்டு வாசல்ல ஒருத்தர் குறுக்கும் நெடுக்குமா நடந்துட்டே இருந்தாரு. அவசரத்துல தன்னோடது ஒண்ணு, சம்சாரத்தோடது ஒண்ணு மாட்டிட்டு வந்துட்டாரு. அது அவருக்கே தெரியல.”

“அய்யோ... என்ன குழந்தை?”

“ரெட்டை.”

அவள் சிரித்த சிரிப்பில் அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

மூன்றாம் முறை, லிஃப்ட் கதவைப் பிடித்திருக்கும் ஐந்து கைகளின் கதை. பாதியில் நின்ற லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஐந்து பேர். எட்டு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள். கதவைத் திறந்துவிட்டால், “ஒரு நிமிஷம் இருப்பா, இவர் கதையை முடிக்கட்டும்” என்றார்களாம்.

அவள் ரசித்துக் கேட்டாள். பிறகு அந்தப் பாழும் வாய் சும்மா இருக்கவில்லை.

“எல்லாம் சரி... நாலாவதுல கொடியில காயுற நீலச் சட்டை மட்டும்தான். ஒரு படத்துலகூட மூஞ்சியே இல்லையே, ஏன்?”

“மூஞ்சியை எடுக்கணும்னா கேக்கணுமே. முடியாதுன்னு சொல்லிட்டா?”

“அப்ப பயம்னு சொல்லுங்க! காலையும் கையையும் எடுத்துட்டு, கலைன்னு பேர் வேற.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் முகம் வாடிவிட்டது. போதாக்குறைக்குக் கிளம்பும்போது அண்ணன், “தம்பி, இனிமே சொன்ன நேரத்துக்கு வந்தா போதும். தங்கச்சிக்கு வேலை கெடுது” என்று ஒரு மாதிரியாகச் சொன்னான். தலையாட்டிவிட்டுப் போனவன்தான்...

நாலாம் முறை வரவில்லை.

நடுவில் ஒருநாள் லிஃப்ட் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தாள். வேறு யாரோ வந்து சரி செய்துகொண்டிருந்தார். பல்லுக்குத் தொப்பி மாதிரி உறை போடாவிட்டால் உடைந்துவிடும், கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது அவள் வேலைதான். எண்ணைப் போட்டாள், மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டாள். வேண்டாம் என்று போனவனை வலியப் போய்க் கூப்பிடுவதா? ஆனால் என் வாயால்தானே போனான்... இனி வரவே மாட்டானோ?

பன்னிரண்டாம் நாள் வந்தான். பல்லின் ஓரம் உடைந்து, ஈறு வீங்கியிருந்தது.

“நாள் தள்ளினா இப்படித்தான் ஆகும்” என்று திட்டிக்கொண்டே அண்ணன் ஊசியை எடுத்தான். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

“டாக்டர், ஒரு நிமிஷம். வாய் மரத்துப்போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“உங்ககிட்ட இல்ல.” அவள் பக்கம் திரும்பினான். “நீங்க சொன்னது நிஜம். எனக்குப் பயம்தான். உங்ககிட்ட கேட்டா, இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னுதான் லிஃப்ட்டுக்குக்கூட வேற ஆளை அனுப்பினேன். பல்லு வலியைத் தாங்கிட்டேன்... உங்களைப் பார்க்காம இருக்க முடியல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?”

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நாளாகச் சிரிக்காத முகம்...

“என்னை ஏன் பார்க்கிற? அவர் கேட்டது உன்னைத்தான். சட்டுனு சொல்லு, ஊசியைத் தூக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?”

“எனக்கும்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு” என்றாள் அவள், கண்ணில் நீர் முட்ட. பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

“அண்ணா... அவருக்கு வலிக்காம போடு.”