நகராத விளக்கு

விமானத்தின் விளக்கு மேற்கே தெரிந்துவிட்டது. ஆனால் அது நகரவில்லை.

சங்கீதா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மாடியில் காயப்போட்ட பட்டு நூலின் சாய வாடை, கீழே விருந்தாளிகளுக்குச் சுட்ட தோசையின் எண்ணெய் மணம், தெருக்கோடியில் இன்னும் நிற்காத ஒரு தறியின் சத்தம் எல்லாம் கலந்து, சின்ன காஞ்சிபுரத்தின் மற்ற எந்த மாலையையும் போலத்தான் இருந்தது. சென்னையில் இறங்கப் போகிற விமானங்கள் மேற்கே புள்ளியாகத் தோன்றி, ஊருக்கு வடக்கே ஒதுங்கி, கிழக்கே வழுக்கிப் போய்விடும். இந்தப் புள்ளி தோன்றிய இடத்திலேயே நின்றுகொண்டு பெரிதாகிக்கொண்டிருந்தது.

"அப்பா வந்துக்கினு இருக்காரு," என்று ஆறு வயது மகள் மஹாலட்சுமி டார்ச்சை ஆட்டினாள்.

அவள் அப்பா உதயகுமார் அந்த விமானத்தின் கேப்டன். ஊரைத் தாண்டும்போது முன்விளக்கை இரண்டு தடவை அணைத்து எரிப்பது அவர் வழக்கம். அம்மாவுக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. எவ்வளவு உயரத்துக்கு இறங்கவேண்டும் என்று தரையிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொல்வதும் அநேகமாக அதே நேரத்தில்தானாம். விமானி ஒருவர் அந்த உயரத்தின் எண்ணைக் கருவியில் வைத்ததும் இரண்டு விமானிகளுமே அதை விரலால் காட்டி வாய்விட்டுச் சொல்லவேண்டுமாம். போன மாதம் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உனக்கு லைட் போட்டுக்கினு இருந்தேன். அவங்க சொன்ன உயரம் ஒண்ணு, நான் வச்சது ஒண்ணு. கோ-பைலட் பையன் பாத்து மாத்தினான்."

"அவரும் பாக்கலைன்னா?"

"ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்குறதே அதுக்குத்தாம்மா."

அன்று சங்கீதாவுக்குப் பயம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று விடியற்காலையில்தான் அவர் இரவுப் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தார். மதியம் மறுபடி கிளம்பவேண்டும். வீட்டிலோ பெங்களூரிலிருந்து அவர் அத்தை கமலவேணி, மகள் கல்யாணத்துக்குக் கூரைப்புடவை எடுக்கக் கூட்டத்தோடு வந்து இறங்கியிருந்தாள். காஞ்சிபுரத்தில் வீடு இருந்தால் பட்டெடுக்க வருகிற சொந்தமெல்லாம் அங்கேதான் தங்கும். உள்ளூர் ஆள் ஒருவர் கடையில் கூட உட்கார்ந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. அத்தை படுக்கையறைக் கதவைத் தட்டினாள்.

"என்னப்பா தூக்கம்? பிளேன் அதுவாதானே போவுது. நீயா தள்ளப் போற?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மேலிருந்த போர்வையை இழுத்தது சங்கீதா.

கடையில் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடியே, விரித்த புடவைக்கெல்லாம் அவர் "நல்லா இருக்குது" என்றார். கடைக்காரர் எல்லாவற்றையும் மடித்து எடுத்த பிறகும், வெறும் பாயைப் பார்த்து, "நல்லா இருக்குது" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றார். "சங்கீ, இன்னிக்கு ஓட்ட முடியலைன்னு ஆபீஸ்ல சொல்லிடட்டுமா? நேத்து கூட வந்த அதே பையன்தான் இன்னிக்கும். அவனும் தூங்கலை."

"அத்தை என்னங்க நினைப்பாங்க? லைட் காட்டுவீங்கன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு இப்போது ஒன்றல்ல, இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. சத்தம் இன்னும் வரவில்லை. சங்கீதா போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைத்திருந்தது, பறக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுபடி அழுத்தினாள்.

கமலவேணி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். "எவ்ளோ கிட்ட வருதுமா. நமக்காகவா?"

விளக்கு அணைந்தது. எரிந்தது.

"அம்மாவுக்கு," என்றாள் குழந்தை.

அணைந்தது. எரிந்தது.

"பாப்பாவுக்கு."

சங்கீதாவுக்கு உயிர் வந்தது. விழித்துத்தான் இருக்கிறார். இனி மூக்கைத் தூக்குவார். எண்ணைச் சரிபார்ப்பார். இரண்டு பேரும் விரலால் காட்டுவார்கள்.

மறுபடி அணைந்தது. எரிந்தது.

"இது அத்தைப் பாட்டிக்கு," என்று மஹாலட்சுமி கைதட்டினாள்.

மறுபடி. மறுபடி. ஒரே இடைவெளியில். அவசரம் இல்லாமல்.

கடையில் அவர் பார்த்த வெறும் பாய் சங்கீதாவின் கண்ணுக்குள் வந்தது.

"கீழ போங்க," என்றாள். யாரும் நகரவில்லை. அத்தை கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது சத்தம் வந்தது. முதலில் சுவரில். பிறகு பல்லில். தெரு நாய்கள் குரைக்கவில்லை. நூல் காய்ந்த மூங்கில் ஆடியது.

எரிந்தது. மாடி வெளுத்தது. எல்லார் நிழலும் பின்சுவரில் கறுப்பாக விழுந்தது. விமானம் இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை.

சங்கீதா குழந்தையை இழுத்து முகத்தைத் தன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். டார்ச் இன்னும் மேலேதான் எரிந்துகொண்டிருந்தது.

அணைந்தது.

அந்த இருட்டில் விமானத்தின் முன்கண்ணாடி தெரிந்தது. உள்ளே மங்கலான பச்சை ஒளி. இரண்டு தலைகள். ஒன்று மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று நிமிர்ந்து, கண்ணைத் திறந்து, அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. உதடுகள் மெல்ல அசைந்தன. வலது கை மட்டும் தலைக்கு மேலே போய், விசையைத் தேடி, தொட்டு, அழுத்தியது.

எரிந்தது.