பக்கார்ட் ஓடிய பதினெட்டு மைல்

“பங்களாவுல கார் கழுவுற தாத்தா ஏன் சார் அந்தக் கார்ல ஏறுறதே இல்ல?”

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தேயிலைத் தோட்டத் துரையின் டிரைவர் செபமாலையின் மகள் ஒருமுறை இப்படிக் கேட்டாள். வகுப்பு நடத்திய ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் அமிர்தநாதன் அதைத் தாத்தாவிடமே கேட்கச் சொன்னார்.

1973இல், மழை விடாத ஒரு வியாழக்கிழமை, அந்தச் சிறுமியின் தாய் றோசலின் நனைந்தபடி அவர் வீட்டுக்கு வந்தாள்.

“தொரை கொழும்புல இருந்த ரெண்டு நாள்ல பக்கார்ட் கார் பதினெட்டு மைல் ஓடியிருக்காம் சார். மீட்டரப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரத் திருடன்னு சொல்றாரு. சனிக்கிழமைக்குள்ள வேலையையும் விட்டு வீட்டையும் காலி பண்ணணுமாம். இவரு காய்ச்சல்ல கெடந்தாரு. பக்கத்துல நான்தான் இருந்தேன். பொண்டாட்டி சாட்சிய யாரு கேப்பா?”

அங்கே பேசிக்கொண்டிருந்த ஹட்டன் ஜவுளிக்கடைக்காரர் வீரபத்திரன் அதற்குள் குடையை எடுத்துவிட்டார். “கெளம்புங்க சார்.”

பங்களாவில் துரையின் மனைவி, துரைசானி டோரீன், கராஜைத் திறந்துவிட்டு உள்ளே போனார். சிறிய உருவம். ஞாயிறுதோறும் தன் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கோயிலுக்கு வருபவர்.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு அமெரிக்காவில் செய்த அந்தக் கறுப்புப் பக்கார்டில் ஒரு பொட்டுத் துருவும் இல்லை. இருபது வருடம் தினமும் அதைக் கழுவியவர் கிழவர் பொன்னையா. இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜையாகி, செவ்வாய்க்கிழமைதான் இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்.

அமிர்தநாதன் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இறங்கிக் காரின் கூரையைப் பார்த்தார். ஓரங்கள் பளபளத்தன, நடுவில் மட்டும் சேற்றுத் துளிகள் காய்ந்திருந்தன. கண்ணாடி ஓரத்து ரப்பரில் சிக்கியிருந்த வெள்ளைத் துவாய் நூலை மெல்ல உருவினார்.

“செபமாலை ஆறடி. இவ்வளவு முன்னால தள்ளுன சீட்டுல ஒக்காந்தா காலத் தூக்கித் தோள்லதான் போடணும்,” என்றார் வீரபத்திரன். “இத ஓட்டுனது கட்டையான ஆளு. பங்களா சமையக்காரரு சோலைமலைதான். புடிச்சு உலுக்கவா?”

“உலுக்குனா கரண்டிதான் விழும். அவருக்கு மாட்டு வண்டிகூட ஓட்டத் தெரியாதுங்க,” என்றார் அமிர்தநாதன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் ஹட்டன் ஸ்டேஷனிலும் விசாரித்துவிட்டு, மறுநாள் இருவரும் பங்களாவுக்குத் திரும்பினார்கள். டோரீன் வராந்தாவில் தனியாக இருந்தார்.

“செவ்வாய்க்கெழம ஸ்டேஷனுக்குப் போற தோட்ட லொறி பழுதாயிருச்சு,” என்றார் அமிர்தநாதன். “ஏழு மணிக்குப் பொன்னையா பெட்டியோட லயத்துல நின்னாரு. நொண்டிக் காலு, ஸ்டேஷனுக்கு ஒம்பது மைலு. ஆனா எட்டு மணி ரயில்ல ஏறிட்டாரு. போக வரப் பதினெட்டு. திரும்பி வந்து காரக் கழுவுனவங்களுக்குக் கூரை நடுவுல கை எட்டல. தொடச்சது பங்களாத் துவாய். ஓட்டத் தெரிஞ்ச, ஒயரமில்லாத ஆளு இங்க ஒருத்தங்கதாம்மா.”

டோரீன் மழையைப் பார்த்தார். “பழி செபமாலை மேல விழும்னு நெனைக்கல. விழுந்தப்புறம் பயந்துட்டேன்.”

“பயப்படுறது பாவமில்லம்மா. ஆனா றோசலின் பெட்டி கட்டுறாங்க.”

டோரீன் எழுந்தார். “நானே சொல்றேன்.” துரையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மாலை துரை, குடை பிடிக்க ஆள் இல்லாமல், செபமாலையின் வீட்டுக்கு நடந்து போய், வேலையில் இருக்கச் சொன்னார். அதன்பின் டோரீனின் சின்னக் கார் கோயிலுக்கு வரவில்லை. துரை சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

பல வாரங்களுக்குப் பிறகு, பூசைக்கு நடந்தே வந்த டோரீன் அமிர்தநாதனிடம் மீதியைச் சொன்னார். அவருடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அடைமழையில் பொன்னையாதான் குழி தோண்டினார். தட்டுத்தடுமாறி அங்கே வந்துவிட்ட தாய்க்குத் தன் கம்பளியைப் போர்த்திவிட்டு, அடக்கம் முடியும்வரை நனைந்துகொண்டே நின்றார். அதை ஒருநாளும் யாரிடமும் பொன்னையா சொன்னதில்லை.

பொன்னையா புறப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை, டோரீன் தன் சின்னக் காரை விட்டு, அவர் கழுவிய பக்கார்டையே எடுத்தார். ஸ்டேஷனுக்கு முந்திய வளைவில் அதை நிறுத்தினார். பனியில் ஒருவரும் இல்லை. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார். பொன்னையா மெதுவாகக் காலை ஊன்றி இறங்கினார். தன் கை பட்ட இடத்தைப் பழக்கத்தில் தோள்துண்டால் துடைக்கப் போனார்.

“விடுங்க, ஐயா.”

டோரீன் அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.