ஏழு தாத்தாக்களும் ஒன்பது போர்சோக்கும்

அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டார். "நம்ம பெருமையை நாமே பேசறதா?" என்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா வேலை கேட்கப் போன இடத்தில் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னான் அந்த அதிகாரி, பெர்மெத். சொன்னேன்" என்றார் அப்பா.

"என்னன்னு?"

"நான் கெஞ்ஜெபெக் மகன், அவர் சாதிர் மகன்னு ஏழு தலைமுறையும் சொன்னேன். நாலாவது தாத்தாவுக்குக் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறாவது தாத்தாவுக்குச் சிரிச்சுட்டான்."

"நம்ம தாத்தாவைப் பார்த்துச் சிரிக்க அவன் யாரு?" நான் குதித்த குதியில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது.

எங்கள் மலை நகரமான நாரினில் நீ யாரென்று கேட்டால் அப்படித்தான் சொல்வோம். ஏழு முன்னோரின் பெயர் தெரியாதவனுக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது. வரிசையில் எல்லாமே ஆண்களின் பெயர்கள். அதில் எனக்குத் தனிக் கோபம்.

வியாழக்கிழமை பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலைக்கு இன்னொரு நேர்காணல் இருந்தது. அதுவும் கைவிட்டுப் போனால், அப்பா எங்களை விட்டுவிட்டு ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

நான் அதிகாரி மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

"ஏதோ கொஞ்சம்."

"கொஞ்சமா? தோலோன் கணவாய்ப் பனியில நின்னுபோன பஸ்ஸை ஓட வெச்சது யாரு?"

"அதெல்லாம் ஒரு விஷயமா..."

"நாப்பது பேர் உயிரோட வீடு வந்தாங்கப்பா! பக்கத்து வீட்டுக்காரர் செஞ்சிருந்தா ஊரெல்லாம் சொல்லுவீங்க. உங்களைப் பத்தின்னா மட்டும் வாய் வராதா?"

"பெருமை பேசறது அசிங்கம்மா."

"இது பெருமை இல்ல, நடந்தது! இனிமே 'ஏதோ கொஞ்சம்'னு சொன்னா, ஒவ்வொரு தடவைக்கும் உங்க தட்டுல ஒரு போர்சோக் எனக்கு."

எண்ணெயில் பொரித்த அந்த மாவுத் துண்டுகளில் ஒன்பதைத் தின்றேன். பத்தாவது தடவை அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் குழாய் உறைந்தது, அதை எப்படி இளக்கினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

எனக்கு வயிறு வலித்தது. கோபம் பாதி இறங்கியது.

வியாழக்கிழமை அப்பா சாயங்காலம்தான் வந்தார். நல்ல சட்டையில் கிரீஸ் கறை.

"இன்னிக்கே ஒரு இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிட்டாங்க!"

"தாத்தாங்களைச் சொல்லலையே?"

"கடைசியில டிப்போ மேனேஜரம்மாவே கேட்டாங்க, 'நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?'ன்னு."

"ஐயோ! ஏழு பேரையுமா?"

"எட்டுப் பேர்" என்றார் அப்பா. "'நான் பெர்மெத்தோட அப்பா'ன்னுதான் ஆரம்பிச்சேன்."